அந்தோனியார் கெபியில் ஐம்பத்திரண்டு கருவிகள்

புதுச்சேரியின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டியதும், கல் கிடைக்காத ஒரே காரணத்தால் இதுவரை பொறிக்கப்படாததுமான செய்தி ஒன்று உண்டு. சென்ற ஜூலை ஒன்பதாம் தேதி காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, முப்பத்து மூன்று ஆண்டுகள் கோப்புகளை மேசைக்கு மேசை நகர்த்தி ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் திரு. யூஜின் அவர்கள், சாவியில்லாமல் பூட்டுத் திறக்கும் கலையில் காலடி எடுத்துவைப்பதென முடிவுசெய்தார். திருட அல்ல, பொழுதுபோக்குக்கு. அந்த முடிவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘பொருள்’, ‘பார்வை’ என்று தலைப்பிட்டு வெளியிட்டார். பார்வை என்ற இடத்தில் ஒரு வீடியோவின் இணைப்பு இருந்தது. பதினான்கு பேர் உள்ள குழுவில் ஒருவர் மட்டும் கும்பிடும் கையின் படத்தை அனுப்பினார். அதுவும் முந்தைய நாள் வந்த மரண அறிவிப்புக்கு உரியது.

உண்மையில் முடிவெடுத்தது யூஜின் அல்ல, அவருடைய வலது கை. அந்தக் கை சிகரெட்டை விட்டுப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை சட்டைப்பைக்கும் வாய்க்குமாகப் போய்வந்து பழகிய கை, திடீரென்று வேலை போனதும் வீட்டில் கண்டதையெல்லாம் நோண்டத் தொடங்கியது. ரிமோட்டின் பொத்தான்களைப் பெயர்த்தது. ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றியது. மாட்டியபோது ஃபேன் ஒரே வேகத்தில், அதுவும் புயல் வேகத்தில் மட்டும் சுற்றியது. ஊறுகாய் பாட்டிலின் லேபிளை உரித்துவிட்டதால் மனைவி ஸ்டெல்லாமேரி இரண்டு நாள் நார்த்தங்காயை எலுமிச்சை என்று பரிமாறினார்.

“ஏங்க, அந்தக் கைய எங்கயாவது கட்டிப் போடுங்களேன்” என்றார் ஸ்டெல்லாமேரி.

“கட்டத் தெரியாமலா இருக்கேன்? நடக்கல.”

“அப்ப நான் என் வழியில பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவர் அரிவாள்மனைக்குத் திரும்பினார். அது என்ன வழி என்று யூஜின் கேட்கவில்லை. மனைவியின் வழிகளைக் கேட்டறியும் பழக்கம் அவருக்கு முப்பது வருடமாகக் கிடையாது.

சிகரெட்டை விட்டதற்குக் காரணம் மகள் ஜூலி. கணவன் ஜோசப் ஆனந்தோடு சென்னையில் இருக்கிறாள், முதல் பிள்ளையைச் சுமக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு. ஜூன் மாதம் போனில் நிதானமாகச் சொன்னாள்: “அப்பா, தலைப்பிரசவத்துக்கு நான் நம்ம வீட்டுக்குத்தான் வரணும். ஆகஸ்ட் பதினேழு ஞாயித்துக்கிழம வர்றேன். ஆனா சிகரெட் நாத்தம் வந்துச்சுன்னா அரை நிமிஷம் இருக்கமாட்டேன். நேரா கடலூர் போயிடுவேன். அத்தை ரூமெல்லாம் ரெடி பண்ணித்தான் வச்சிருக்காங்க.”

தலைப்பிரசவத்தைச் சம்பந்தி வீட்டுக்கு விட்டுக்கொடுத்தவன் என்று ஊர் பேசுவதை யூஜின் தாங்கிக்கொள்வார். ஊர் அவரைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியிருக்கிறது. தாங்க முடியாதது வேறொன்று. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் ஜூலி பிறந்த நிமிடத்தில் அவர் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். “குழந்தையோட அப்பா எங்க, அப்பா எங்க” என்று நர்ஸ் மூன்று மாடி தேடினாள். பிள்ளையை முதலில் கையில் வாங்கியது பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார். இதை அவர் ஜூலியிடம் சொன்னதே இல்லை. இந்த முறை வாசலில் நிற்பதில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முன்னறைக்கு வெள்ளை அடித்தார், தொட்டில் வாங்கினார். மிச்சம் இருந்தது கை மட்டும்தான்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த வீடியோ வந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், முகத்தில் எந்தக் கவலையும் இல்லாமல், ஒரு சிறு கம்பியை வைத்துப் பூட்டுப் பூட்டாகத் திறந்துகொண்டே போனார். இரண்டு கைக்கும் வேலை, வாய்க்கு வேலையே இல்லை. யூஜின் ஒரே மூச்சில் பதினேழு வீடியோ பார்த்தார்.

தாடிக்காரர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். தொடங்குகிறவனுக்கு ஒரு கொக்கி, ஒரு சீப்பு, இரண்டு முறுக்குக் கம்பி போதும். மூன்று ஊசி, நான்கு ஊசி உள்ள மலிவான பூட்டுகள் இரண்டு வாங்கு. கண்ணாடிப் பூட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க மட்டும்தான், அதிலேயே உட்கார்ந்துவிடாதே. கூடவே இரண்டு கட்டளைகள்: உனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே, உபயோகத்தில் இருக்கிற பூட்டைத் தொடாதே.

முப்பத்து மூன்று வருடத்தில் யூஜின் எதையும் நேரடியாக வாங்கியவர் அல்ல. நான்கு தாளை ஒட்டி ஒப்பீட்டுப் பட்டியல் போட்டார். ஐந்து கருவி உள்ள செட், பதினேழு உள்ள செட், ஐம்பத்திரண்டு உள்ள செட். கொக்கியின் வளைவு, கைப்பிடியின் பிடிமானம், உறையின் தரம், இதர அம்சங்கள். பட்டியல் முடிய நான்கு நாள் ஆயிற்று. கை அந்த நான்கு நாளும் ஸ்கேலைப் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டு சமாதானமாகவே இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பட்டியல் முடிந்தால் பரிந்துரை வேண்டும்.

பரிந்துரைக்கு விக்டர் வந்தார். ஸ்டெல்லாமேரியின் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்து, அந்தப் பென்ஷனில் ஆறு மாதம் அங்கேயும் ஆறு மாதம் இங்கேயும் வாழ்பவர். இங்கே இருக்கும் ஆறு மாதமும் அங்கே எப்படி என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

“பிரான்சுல இதுக்கு குரோஷ்தாழ்னு பேரு மாப்ள. அதுக்குன்னு சங்கம் இருக்குது. மெம்பர் கார்டு, வருஷத்துக்கு ஒரு டின்னர்.”

“நீங்க மெம்பரா மச்சான்?”

“டின்னருக்குப் போயிருக்கேன்” என்றார் விக்டர். பிறகு பட்டியலை ராணுவ வரைபடம்போல் விரித்துப் பார்த்து, ஐம்பத்திரண்டின் மேல் விரலை வைத்தார். “இது தோல்பை. அங்க எல்லாருமே தோல்பைதான்.”

விஷயம் முடிந்தது. ஐம்பத்திரண்டு கருவிகளும், ‘பயிற்சிக்கு’ என்று ஒரே ஒரு கண்ணாடிப் பூட்டும் வந்து இறங்கின. மலிவான பூட்டுகளை யூஜின் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார். பூட்டுக்கா பஞ்சம்? வீட்டில் ஏழு இருந்தன.

கண்ணாடிப் பூட்டு என்பது உண்மையில் பிளாஸ்டிக். உள்ளே பித்தளை ஊசிகள் வரிசையாக நிற்பது வெளியிலிருந்தே தெரியும். முறுக்குக் கம்பியால் லேசாகத் திருகிப் பிடித்தபடி, கொக்கியால் ஊசிகளை ஒவ்வொன்றாக உயர்த்த வேண்டும். எல்லாம் உரிய உயரத்துக்கு வந்ததும் உருளை சுழலும். மூன்றாம் நாள் மாலை அது சுழன்றது. யூஜின் உடனே ஜூலிக்கு வீடியோ கால் போட்டுத் திறந்து காட்டினார்.

“உள்ள இருக்கறதெல்லாம் தெரியுதேப்பா” என்றாள் ஜூலி.

“தெரிஞ்சா மட்டும் போதுமா? தொறக்க வேணாமா?”

அவள் சிரித்தாள். “கை எப்பிடி இருக்கு?”

“பிஸியா இருக்குது.”

“அது போதும்பா. எனக்கு அது போதும்.”

ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. பிறகு பூட்டு பதினோரு நொடியில் திறந்தது, அடுத்து ஆறில், அடுத்து மூன்றில். கடைசியில் டி.வி. பார்த்தபடியே திறந்தார், திறந்ததுகூடத் தெரியவில்லை. கைக்கு அலுத்துவிட்டது. மறுபடி சட்டைப்பையைத் தடவ ஆரம்பித்தது. ஸ்டெல்லாமேரி கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களின் அடியில் இருக்கும் சிவப்பு நகப்பூச்சு அடையாளத்தைச் சுரண்டியது. கோயில் விருந்துக்கு இரவல் போகும் பாத்திரங்கள் வேறு வீட்டுக்குப் போய்விடாதிருக்க, ஜூலி விட்டுப்போன நகப்பூச்சால் ஒவ்வொன்றிலும் ‘யூ’ என்று எழுதி வைப்பது ஸ்டெல்லாமேரியின் வழக்கம். மூன்று தூக்குச்சட்டிகள் அநாதையான பிறகு, அவர் கரண்டியோடு வந்து நின்றார்.

“வேற பூட்டு வாங்கித் தொலைங்க.”

யூஜின் வாங்கவில்லை. வீட்டின் கேட்டில் பெரிய பித்தளைப் பூட்டு தொங்கும்போது எதற்கு வாங்குவது? அது உபயோகத்தில் இருந்த பூட்டுதான். தாடிக்காரரின் இரண்டாம் கட்டளை நினைவுக்கு வந்தது. ஆனால் அரசு அலுவலகத்தில் எந்த விதிக்கும் தளர்வு உண்டு. தளர்வை அனுமதிக்கும் அதிகாரி அன்று அவரே. இருபத்தாறாம் எண் கொக்கியை விட்டார், ஊசியே தட்டுப்படவில்லை. நாற்பத்தொன்றை விட்டார். அது பாதியில் முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதற்குமேல் சாவியும் நுழையவில்லை. மறுநாள் காலை பால் பாக்கெட்டுகள் மதிலுக்கு மேலிருந்து வந்து விழுந்தன. இரண்டில் ஒன்று முழுசாக இருந்தது.

பெரிய மார்க்கெட் ஓரத்தில் குடை விரித்து டூப்ளிகேட் சாவி போடும் வடிவேலைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் பூட்டின் வளையத்தை அறுத்து எடுத்தார். பிறகு தோல்பையைத் திறந்து ஐம்பத்தோரு கருவிகளையும் மரியாதையாகப் பார்த்தார்.

“ஜோரா இருக்குது சார். ஆனா இதெல்லாம் ஊசிப் பூட்டுக்கு. நம்ம ஊர்ல கேட்டு, கடை, கொட்டா எல்லாத்துலயும் தொங்கறது லீவர் பூட்டு. உள்ள ஊசியே கெடயாது, தகடுதான். இத வச்சி நீங்க வருஷக்கணக்கா நோண்டினாலும் காது குடையற மாதிரிதான்.”

“வீடியோவுல எல்லாத்தையும் தொறக்கறாரே.”

“அவரு ஊரு பூட்ட அவரு தொறக்கறாரு” என்று சொல்லிவிட்டு வடிவேல் சைக்கிளில் ஏறினார்.

சாவி போடுகிறவனுக்கு உள்ள தொழில் பொறாமை என்று யூஜின் அதைக் குறித்துக்கொண்டார். ஆனால் ஸ்டெல்லாமேரி வீட்டுப் பூட்டுகள் எதையும் தொடக்கூடாதென்று தடை போட்டுவிட்டார். கடைக்குப் போய் இரண்டு ஊசிப் பூட்டு கேட்டு வாங்கினால் வடிவேல் சொன்னது சரியென்று ஆகிவிடும். நாற்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. கை கட்டிலின் விளிம்பைத் தட்டியது, தொடையைத் தட்டியது, தூக்கத்திலும் எதையோ பற்றவைத்தது. யூஜின் மத்தியான வெயிலில் தெருத்தெருவாக நடக்க ஆரம்பித்தார். பெட்டிக்கடை வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறுவார். எதிர்ச்சாரியிலும் பெட்டிக்கடை இருக்கும். நடுரோட்டில் நடப்பார்.

அப்படி நடந்து வைத்திக்குப்பத்துக்குப் போகும் சந்துக்கு வந்தபோதுதான் அந்தோனியார் கெபி கண்ணில் பட்டது. ஆயிரம் முறை பார்த்த கெபிதான். கண்ணாடிப் பெட்டிக்குள் புனிதர், முன்னால் இரும்புக் கம்பிக் கதவு. அந்தக் கம்பியெல்லாம் பூட்டு. கோர்ட் கேஸ், குடிப்பழக்கம், வராத வரன், விசா என்று பொருத்தனை, அதாவது நேர்த்திக்கடன், வைக்கிறவர்கள் செவ்வாய்க்கிழமை வந்து கம்பியில் ஒரு பூட்டைப் பூட்டிவிட்டு, சாவியைக் கொண்டுபோய்க் கடலில் எறிவார்கள். பெரிது, சிறிது, துருப்பிடித்தது, புதிது என்று முந்நூறாவது இருக்கும்.

யூஜினின் மூளை ஓய்வுபெற்ற பிறகு முதல்முறையாக முழு வேகத்தில் வேலை செய்தது. முதல் கட்டளை, அடுத்தவன் பூட்டைத் தொடாதே. இவை காணிக்கை, கொடுத்தவனுக்கு இனி சொந்தமில்லை, புனிதர் பத்திரம் எதுவும் எழுதி வாங்கவும் இல்லை. இரண்டாம் கட்டளை, உபயோகத்தில் உள்ளதைத் தொடாதே. இவை எதையும் காவல் காக்கவில்லை. சாவியோ கடலில். திறந்த பூட்டை உடனே அமுக்கிப் பூட்டிவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? இந்த வாதத்தை ஒரு கோப்பில் எழுதியிருந்தால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

மறுநாள் முதல் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு, ஊர் உறங்கும் நேரத்தில், தோல்பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து கெபிக்கு முன் முழந்தாளிட்டார். கம்பிக் கதவில் இரண்டு கையையும் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டால், பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு மன்றாடுகிறவர்போல் தெரியும். பார்க்கிறவர் ஒருவர்தான். கெபிக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியும் மாலையும் விற்கும் அஞ்சலாட்சி.

“இன்னா சார், ஒரு மணி நேரமா முட்டி போட்டுனு கீறியே. இன்னா கஷ்டம் உனுக்கு?”

“பொதுவா வேண்டிக்கறேன்மா.”

“பொதுவா வேண்டிக்கினா பொதுவாத்தான் குடுப்பாரு. இன்னான்னு பேரச் சொல்லி கேளு.”

இரண்டு நாளில் அஞ்சலாட்சி மூலம் செய்தி கோயிலுக்குப் போயிற்று. மூன்றாம் நாள் பங்குச் சாமியார், “யூஜின் சாரைப் பாருங்கள்” என்று பிரசங்கத்தில் சொன்னார். விக்டர், பிரான்சில்கூட இப்படி ஒரு பக்தியைப் பார்த்ததில்லை என்றார். இரவு சாப்பாட்டில் ஸ்டெல்லாமேரி இன்னொரு துண்டு வஞ்சிரம் வைத்தார். அவர் கண்ணில் ஒரு நிம்மதி தெரிந்தது. யூஜின் அதைப் பார்த்துவிட்டு மீனைப் பார்த்தார்.

பூட்டு ஒன்றும் திறக்கவில்லை. வடிவேல் சொன்னதுபோல் எல்லாமே லீவர். ஒன்பது நாள், அறுபத்துச் சொச்சம் பூட்டு, மேலும் மூன்று கருவிகள் முறிவு. முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஆகஸ்ட் பதினைந்தும் போய்விட்டது. நாளை மறுநாள் ஜூலி வருகிறாள் என்பது நாளை வருகிறாள் என்று ஆயிற்று. வீடு மணக்கும்படி ஸ்டெல்லாமேரி சாம்பிராணியை நிறுத்திவிட்டு எலுமிச்சைத் தோலைக் கொதிக்கவைத்தார். ஐம்பத்தேழு நாள். இன்னும் ஒரே ஒரு நாள் இந்தக் கையைப் பிடித்துவைத்தால் போதும்.

பதினாறாம் தேதி மத்தியானம், கம்பிக் கதவின் கீழ் மூலையில், இரண்டு பெரிய துருப்பூட்டுகளுக்கு நடுவில் சின்னதாக ஒன்று பளபளத்தது. நீல நிறம், புத்தம் புதிது. யூஜின் முறுக்குக் கம்பியை விட்டார். கொக்கியை விட்டார். ஏதோ ஒன்று உள்ளே மேலும் கீழும் ஆடியது. ஊசி! ஒன்று. இரண்டு. மூன்றாவதை உயர்த்தும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம், எறும்பு தும்மினால் வரும் சத்தம். பூட்டு வாயைத் திறந்தது.

உள்ளே தெரியாத பூட்டு. நிஜப் பூட்டு. யூஜின் என்ற மனிதர் அறுபத்தொரு வயதில், யாருடைய கையெழுத்தும் இல்லாமல், தானாகச் செய்து முடித்த முதல் காரியம். எழுந்தார். முழங்கால் வலிக்கவே இல்லை. சந்து முனை வரை நடந்தார், அங்கே யாரிடமோ எதையோ கேட்டார், சில்லறை வாங்கிப் பைக்குள் போட்டார். தான் எவ்வளவு நிதானமாக இருக்கிறோம் என்று வியந்தபடி நீளமாக ஒரு முறை இழுத்துப் புகையை விட்டபோதுதான், அந்த நிதானம் எங்கிருந்து வருகிறது என்று கவனித்தார். வலது கையில் சிகரெட் இருந்தது. இடது கையில் பூட்டு.

பூட்டின் அடிப்பக்கம் சிவப்பு நகப்பூச்சால் ‘யூ’ என்று எழுதியிருந்தது.

முதல் சிகரெட் சந்தோஷத்துக்கு. இரண்டாவது பயத்துக்கு. கெபிக்கு ஓடிப்போய்ப் பூட்டைப் பழைய இடத்தில் மாட்டி அமுக்கினார். பூட்டிக்கொண்டது. ஆனால் பொருத்தனை பூட்டிக்கொண்டதா? அதை யாரிடம் கேட்பது? மூன்றாவது அதை யோசிக்க. நான்காவது, யோசித்துப் பயனில்லை என்று தெரிந்ததும்.

“இன்னா சார், வேண்டினது கெடச்சிச்சா?” என்றார் அஞ்சலாட்சி.

“கெடச்சிச்சும்மா” என்றார் யூஜின்.

அன்று மூன்று முறை குளித்தார். கிராம்பு மென்றார். கறிவேப்பிலையைக் கசக்கி விரலில் தேய்த்தார். தேய்த்து முடித்து மொட்டை மாடிக்குப் போனார்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கார் வந்து நின்றது. ஜோசப் ஆனந்த் வண்டியை அணைத்தான். பின் கதவு திறந்தது. ஜூலி வயிற்றைப் பிடித்தபடி காலை வெளியே வைத்து, சிரித்துக்கொண்டே, “கையக் குடுப்பா” என்றாள்.

யூஜின் கொடுத்தார். அவள் அதைப் பிடித்து எழ முயன்றாள். கை அவள் முகத்துக்கு அருகில் வந்தது. அவள் எழவில்லை. கையை விடாமல் அப்படியே பார்த்தாள்.

“எத்தினி?”

“ஒண்ணுதாம்மா.”

“எத்தினிப்பா?”

“ஒன்பது.”

அவள் வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். கோபமாக இருந்திருந்தால் யூஜின் சமாளித்திருப்பார். “தொட்டில் நல்லாருக்காப்பா?” என்று கேட்டாள். பிறகு இருமல் வந்தது. ஆனந்த் கண்ணாடியை ஏற்றினான்.

ஸ்டெல்லாமேரி உள்ளே போய், சமைத்ததைத் தூக்குச்சட்டிகளில் நிரப்பி, இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு வந்தார். கார்க் கதவில் கை வைத்தவரை யூஜின் மறித்தார். முப்பது வருடத்தில் முதல்முறையாகத் தானாக ஒன்றை ஒப்புக்கொண்டார்.

“ஸ்டெல்லா, கெபியில நீ போட்ட பூட்டத் தொறந்தது நான்தான்.”

“சாவியக் கடல்ல போட்டனே.”

“சாவியில்லாமத்தான்” என்றார் யூஜின். குரலில் ஒரு துளி பெருமை எட்டிப் பார்த்துவிட்டது. அதைத் திரும்ப உள்ளே இழுக்க முடியவில்லை.

ஸ்டெல்லாமேரி அவரை மேலும் கீழும் பார்த்தார். “கேஸ் சிலிண்டர் செவ்வாக்கிழம வரும். கேட்டத் தொறந்து வைங்க” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

திங்களன்று யூஜின் மார்க்கெட்டுக்குப் போய் வடிவேலின் குடைக்கு முன் நின்றார். நீலப் பூட்டைப் பற்றி விவரமாகச் சொன்னார். உயரம், அகலம், மூன்று ஊசிகள், எடுத்துக்கொண்ட நேரம். வடிவேல் அரத்தை நிறுத்தாமல் கேட்டார்.

“ஸ்கூல் பை ஜிப்புல போடற பூட்டு சார் அது. ஹேர்பின்னு விட்டா தொறந்துக்கும். சில நேரம் வெயில்ல வச்சாலே தொறந்துக்கும்.”

அக்டோபர் மூன்றாம் தேதி கடலூரில் ஜூலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்போது யூஜின் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.